நெல்லில் வைத்த முச்சலிக்கா

1993-ஆம் வருடம் ஜனவரி மாதம் 9-ஆம் தேதி, மார்கழி 25, காலை பதினோரு மணி முதல் காவல் நிலையத்தில் இருந்து, உதவி ஆய்வாளர் அய்யா அவர்கள் முன்பாக எழுதித் தரும் வாக்குமூலம்.

என் பெயர் காத்தான். தகப்பனார் பெயர் நாகன், காலமாகிவிட்டார். வயது அறுபத்தெட்டு. விலாசம், மன்னார்குடிக்குக் கிழக்கே நெடுவாக்குடி கிராமம், செண்பகத்தம்மாள் தர்மச் சத்திரம், வாசல் அறை. தொழில், அதே சத்திரத்தில் காவல். மனைவி அம்சவல்லி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதுவதுதான் வழக்கம் என்று சொன்னார்கள். எனக்கு எழுதத் தெரியும், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஏட்டு என்னைப் பார்த்து, “பெருசு, பொங்கலுக்குள்ள முடிச்சிருவியா?” என்று கேட்டார். முடித்துவிடுவேன் என்றேன். அதன் பிறகு உதவி ஆய்வாளர் அய்யா ஒரு பேனாவும் கோடு போட்ட தாள்களும் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து எழுதச் சொன்னார். இவ்வளவு நல்ல தாளில் நான் இதுவரை எழுதியதில்லை.

சத்திரத்து தஸ்தாவேஜு அறையிலிருந்து பதினான்கு முச்சலிக்காக்களை நான் திருடிவிட்டதாகச் சத்திரத்து ஏஜெண்ட் சாமிதுரை அவர்கள் மனுக் கொடுத்திருக்கிறார். முச்சலிக்கா என்பது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு. பதினான்கையும் நான் எடுத்தது உண்மை. பதிமூன்று நல்லபடியாக இருக்கின்றன. ஒன்று கெட்டுப்போனது. அது அறையில் கெடவில்லை. என் கையில் கெட்டது. நடந்ததை நடந்தபடி வரிசையாக எழுதுகிறேன்.

நான் 1970-ஆம் வருடம் தை மாதம் சத்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் சத்திரத்து நிலங்களில் கூலி வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வருடம் அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு முழுவதும் வேலைக்கு இறங்காமல் இருந்தது. நானும் கொடி பிடித்து உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் அப்போதைய ஏஜெண்ட் ஆள் அனுப்பி, சத்திரத்தில் காவல் வேலையும் தங்க அறையும் தருவதாகவும், மறுநாள் காலையில் வந்து சேர வேண்டும் என்றும் சொன்னார். என் மனைவி அப்போது இருமிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். அன்று சாயங்காலம் என் சிநேகிதர் செல்லதுரை வந்து, ஊரில் பேசிக்கொள்கிறார்களே, போகப்போகிறாயா என்று கேட்டார். போகமாட்டேன் என்று சொன்னேன். மறுநாள் காலையில் போனேன். அதன் பிறகு எங்கள் தெருவில் யாரும் என்னுடன் பேசியதில்லை. செல்லதுரை 1984-இல் காலமாகும் வரை பேசவில்லை. 1978-இல் என் மனைவி இறந்தபோது தெருவார் வந்து பாடை கட்டினார்கள், தூக்கினார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லாம் முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தஸ்தாவேஜு அறை சத்திரத்தின் இரண்டாம் கட்டில் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். வடக்குச் சுவரை ஒட்டிச் சத்திரத்து வாய்க்கால் ஓடுகிறது. பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தை மாதம் வரை அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி நிற்கும். அறையில் இரண்டு தேக்கு பீரோக்களும் ஒரு மர ராக்கையும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சிவப்புத் துணியில் கட்டிய காகிதக் கட்டுகள். அந்தக் காகிதங்களில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. காற்று வந்தால் காயும் என்று நினைத்து, முதல் வருடம் ஐப்பசி கார்த்திகையில் தினமும் சன்னல்களைத் திறந்து வைத்தேன். இருபது நாளில் எல்லாக் கட்டுகளிலும் சாம்பல் பூத்தது போல் ஆகிவிட்டது. மழைக்காலத்துக் காற்றே ஈரம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திட்டு வாங்கிக்கொண்டு அத்தனையையும் பங்குனி வெயிலில் உதறித் துடைத்தேன். அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு கொட்டாங்கச்சிகளில் கல்லுப்புப் போட்டு ஒன்றை அறைக்குள்ளும் ஒன்றை வெளி நடையிலும் வைத்தேன். காலையில் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். வெளி உப்பு காய்ந்தும் உள் உப்பு ஈரமாகவும் இருந்தால் சன்னல்களைத் திறந்துவிடுவேன். வெளி உப்பு ஈரமாக இருந்தால் திறக்கமாட்டேன், கதவிடுக்கிலும் சாக்கைத் திணித்து வைப்பேன். அடைத்து வைக்கும் நாட்களுக்காக அறையின் நான்கு மூலைகளிலும் நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சட்டிகளில் வைத்தேன். சுண்ணாம்பு அறையின் ஈரத்தைத் தானே குடித்துப் பூத்து மாவாகிவிடும். மாவானதும் எடுத்துவிட்டுப் புதிது வைப்பேன். பீரோக்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். கீழே இருக்கும் கட்டுகளை மாதம் ஒரு முறை மேலே மாற்றுவேன். இப்படி இருபத்தொரு வருடம் ஒரு காகிதத்திலும் பூசணம் வரவில்லை. இதை நான் பெருமைக்காக எழுதவில்லை. அறை எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

அந்த வேலையில் பேச்சு இல்லை. ஏஜெண்ட் வந்தால் சரிங்க என்று சொல்வேன். வெளியூர் ஆள் யாராவது வந்து தண்ணீர் கேட்டால் கொடுப்பேன். சில நாட்களில் மாலை வரை நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அப்போது உப்பைத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கு ஈரம் என்று சத்தமாகச் சொல்வேன். அறை கேட்கும்.

1991-ஆம் வருடம் ஆடி மாதம் எங்கள் ஊருக்கு அறிவொளி வகுப்பு வந்தது. ஊரில் தையல் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் அவர்களின் மகள் நூர்ஜஹான்தான் டீச்சர். சத்திரத்து வெளிச்சுவரில் விளக்கு இருந்ததால் சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் அடியில் வகுப்பு நடத்தினார்கள். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் வந்தார்கள். செல்லதுரையின் மனைவி காளியம்மாளும் வந்தார். நான் என் அறைச் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் சொல்வதை நானும் வாய்க்குள் சொல்வேன், தரையில் கரியால் எழுதிப் பார்ப்பேன். ஒரு நாள் டீச்சர் அட்டையில் ஒரு சொல்லைக் காட்டிப் படிக்கச் சொன்னபோது யாரும் சொல்லவில்லை. அட்டை எனக்கும் தெரிந்தது. என்னை அறியாமல் உள்ளேயிருந்து படகு என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் சிரித்து, “உள்ள இருந்து பதில் சொன்னா வருகை போட முடியாது தாத்தா, வெளிய வாங்க” என்றார். நான் போகவில்லை. நான் போய் உட்கார்ந்தால் அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் டீச்சர் புத்தகத்தையும் நோட்டையும் பென்சிலையும் சன்னல் கம்பி வழியாக உள்ளே தள்ளினார். வகுப்பு முடிந்ததும் கம்பி வழியாகவே நோட்டைத் திருத்திக் கொடுப்பார். ஏழு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

படிக்க வந்ததும் எனக்குப் படிக்க ஒன்றும் இல்லை. புத்தகம் முடிந்துவிட்டது. சத்திரத்தில் இருந்தவை அந்தக் கட்டுகள்தான். இருபது வருடமாகத் துடைத்தவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. கட்டு மாற்றும் நாளில் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றைப் படிக்க எனக்கு யாரும் அனுமதி தரவில்லை. அதையும் குற்றமாக எழுதிக்கொள்ளலாம். எவ்வளவு நாள் ஒன்றும் தெரியாமல் அவற்றைச் சுமந்திருக்கிறேன் என்று நினைத்து எனக்குச் சிரிப்பாக வந்தது. கிணறு தூர் வாரியதற்கு ஒரு காகிதம், சத்திரத்து மாடு தொலைந்ததற்கு ஒரு காகிதம். ஒரு கட்டின் மேல் பசலி 1377 நெடுவாக்குடி குத்தகை முச்சலிக்கா என்று இருந்தது. அது 1967-ஆம் வருடம். உள்ளே பதினான்கு தாள்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். ஒன்பதாவது தாள் செல்லதுரையுடையது. அவர் பெயரைப் படித்ததும் அதை அப்படியே என் நோட்டில் பார்த்து எழுதினேன். எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது. மற்றவற்றை எழுதவில்லை.

அதன் பிறகு 1992-ஆம் வருடம் வைகாசி மாதம் ஏஜெண்ட் அவர்கள் தஸ்தாவேஜு அறையைப் புதுப்பிக்க வேண்டும் என்று கொத்தனார்களை அழைத்து வந்தார். வடக்குச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே பச்சை எண்ணெய் பெயிண்ட் அடித்தார்கள். சுண்ணாம்புச் சுவர் குடிக்கிற ஈரத்தை வெளியே விட்டுவிடும், இது விடாது, தண்ணீர் வந்ததும் சுவர் வேர்க்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் கொத்தனாரைப் பார்த்து, “சுவத்துக்கு வேர்க்குமாம்யா. காத்தா, நீ பக்கத்துல உக்காந்து விசிறு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஆவணிக்குள் முழங்கால் அளவில் நின்ற ஈரம் மார்பு அளவுக்கு ஏறியது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, குத்தினால் தண்ணீர் வடிந்தது. அதே மாதம் அந்தக் கட்டில் பெயர் இருந்த பதினான்கு குடும்பங்களுக்கும் சத்திரத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர்கள் குத்தகைதாரர்கள் அல்ல, கூலிக்கு உழுதவர்கள், தையில் அறுப்பு முடிந்ததும் நிலத்தை விட்டு இறங்க வேண்டும் என்று அதில் இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். 1969-இல் குத்தகைதாரர் பெயரைப் பதிய அரசாங்கம் சட்டம் போட்டபோது, பதிந்தவனுக்கு மறு வருடம் நிலம் இல்லை என்று பழைய ஏஜெண்ட் சொல்லியிருந்ததால் ஒருவரும் பதியவில்லை. அவர்கள் பக்கத்துக்கு எழுத்தில் இருந்த சாட்சி அந்தக் கட்டு மட்டும்தான். அவர்கள் வருவாய் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

புரட்டாசி மாதம் ஏஜெண்ட் வந்து, தணிக்கைக்கு ஆள் வரப்போகிறார்கள், அறையில் சட்டி பானை இருந்தால் அசிங்கம், சுண்ணாம்புச் சட்டிகளை எடுத்துவிடு என்றார். எடுத்தேன். சன்னல்களுக்கு ஆணி அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஐப்பசி முதல் வாரம், மழையில் அறுத்த குறுவை நெல்லை ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லி, எண்பது மூட்டைகளை அறைக்கு முன்னால் இருக்கும் கூடத்தில் அடுக்கச் சொன்னார். வண்டிக்காரர்களோடு சேர்ந்து நானும் சுமந்து அடுக்கினேன். இதற்கெல்லாம் அவர் மனதில் என்ன காரணம் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் செய்தவை இவை. மூன்றாம் நாள் உள் கொட்டாங்கச்சியில் உப்பு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஆறாம் நாள் கட்டுகளில் வெள்ளையாகப் பூத்தது. பத்தாம் நாள் அது பச்சையாகி, சில இடங்களில் கறுத்தது. பசலி 1377 கட்டு, பீரோவில் மேல்தட்டில் நான் வைத்திருந்தது, வடக்குச் சுவரை ஒட்டிக் கீழ்த்தட்டில் இருந்தது. அதை அங்கே மாற்றியது நான் அல்ல. சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு.

ஏஜெண்டிடம் போய், காகிதமெல்லாம் பூசணம் பிடித்துவிட்டதுங்க என்று சொன்னேன். அவர், “பழைய காயிதம் பூக்கத்தான் செய்யும். நீ எதையும் தொடாத” என்றார். அதன் பிறகு நான் என் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். யாரையாவது கேட்கலாம் என்றால் எனக்கு ஆள் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் மதியம் கட்டைப் பிரித்து, ஐந்து தாள்களை என் துண்டுக்குள் வைத்து எடுத்து வந்தேன். மறுநாள் ஐந்து, அதற்கு மறுநாள் நான்கு. கட்டுத் துணியை முன்போலவே முடிந்து வைத்தேன்.

என் அறையில் கயிறு கட்டி, தாள்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டேன். கீழே இரண்டு சட்டிகளில் சுண்ணாம்பு வைத்துக் கதவை அடைத்தேன். பூசணத்தை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மை கலைந்துவிடும் என்பதால், காய்ந்த பிறகு கோழி இறகால் தட்டினேன். பதிமூன்று தாள்கள் எட்டு நாளில் தேறிவிட்டன.

செல்லதுரையின் தாள் மட்டும் மிகவும் நனைந்து, மடிப்பில் பிரியத் தொடங்கியிருந்தது. கயிற்றில் போட்டால் கிழிந்துவிடும் என்று பயந்தேன். எங்கள் பக்கத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்றாலும் நெல்லுக்குள் வைப்போம். என் தாயார் காதுத் தோட்டையும் வீட்டுப் பட்டாவையும் நெல்லுக்குள்தான் வைத்திருந்தார். நெல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அந்த மாதச் சம்பளத்தில் ஏஜெண்ட் எனக்கு ஒரு மூட்டை நெல் கொடுத்திருந்தார். செல்லதுரையின் தாளை இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் விரித்து, அந்த மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டினேன். மற்றதைவிட அதை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன்.

அந்த மூட்டை கூடத்தில் கிடந்த எண்பது மூட்டைகளில் ஒன்று. மழையில் அறுத்த குறுவை. என் தாயார் வைத்தது மாசி வெயிலில் ஒரு வாரம் காய்ந்த சம்பா. ஈர நெல்லைக் கட்டிப்போட்டால் உள்ளே சூடு ஏறி அவிந்துவிடும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்திருந்தால் போதும். நான் ஐம்பது வருடம் நெல்லோடு இருந்தவன். கையை விட்டுப் பார்க்கவில்லை. இருபத்தொரு வருடம் உப்பைத் தொட்டுப் பார்த்த நான் நெல்லைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவிழ்த்தேன். கை வைத்ததும் சுட்டது. புளித்த வாடை வந்தது. நெல் முளை விட்டு ஒன்றோடொன்று பின்னியிருந்தது. துணியைப் பிரித்தபோது தாள் துணியோடு கூழாக ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் சத்திரத்து முத்திரையின் கால்வாசி மட்டும் தெரிந்தது. அதைத் துணியோடு மடித்துப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். இத்துடன் ஒப்படைக்கிறேன்.

கார்த்திகை கடைசியில், சத்திரத்தில் உள்ள குத்தகைச் சீட்டுகளைத் தை மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று வருவாய் நீதிமன்றம் உத்தரவு போட்டதாகக் கேள்விப்பட்டேன். மார்கழி 12-ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பதிமூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குப் போனேன். 1970-க்குப் பிறகு, என் மனைவியைத் தூக்கிப்போன ஒரு நாள் தவிர, அன்றுதான் அந்தத் தெருவில் நடந்தேன். என் வீடு இருந்த இடத்தில் வேறு வீடு இருந்தது. விவசாயச் சங்கத்துக்காரர் இராஜாங்கம் வீட்டு வாசலில் நின்று விவரத்தைச் சொன்னேன். அவர் தாள்களை வாங்கிப் பெயர்களைப் படித்தார். ஆட்கள் கூடினார்கள். ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் கூட்டத்தில் ஒரு ஆள் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். காளியம்மாள் அடிபம்பு ஓரம் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். பதிமூன்றும் முடிந்தது. அவர் முன்னால் வரவில்லை, குடத்தையும் எடுக்கவில்லை.

இராஜாங்கம் என்னைப் பார்த்து, “பதினாலு குடும்பத்துக்குப் பதிமூணு சீட்டு. மிச்சம் ஒண்ணு எங்க? இதுவும் ஏஜெண்டு சொல்லிக் குடுத்த வேலையா?” என்று கேட்டார். நான் நெல்லில் வைத்ததைச் சொன்னேன். ஒரு பெண், “ஈர நெல்லுலயா வச்ச?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு இராஜாங்கம் அன்றே மன்னார்குடிக்குப் போய் வக்கீலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் சத்திரத்து வாசலுக்கு வந்தார். காளியம்மாளும் வந்தார். பதிமூன்று தாள்களையும் நீதிமன்றத்தில் சேர்க்க ஏற்பாடு ஆகிவிட்டது என்று இராஜாங்கம் சொன்னார். பதினான்காவது தாள் அறையிலேயே பூசணத்தில் போய்விட்டது என்று நான் சொன்னால் பழி சத்திரத்தின் மேல் போகும், எனக்குத் தொந்தரவு குறையும் என்றார். ஆனால் அப்படிச் சொன்னால், பதினான்காவது ஒன்று இருந்ததே இல்லை என்று ஏஜெண்ட் சொல்வார், அதை மறுக்க ஆள் இருக்காது, காளியம்மாளின் மூன்று மா நிலம் மட்டும் போய்விடும் என்று வக்கீல் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். அந்தத் தாளைப் படித்த ஆள் உயிரோடு நான் ஒருவன்தான். படித்தேன் என்று சொன்னால் எப்படிக் கையில் வந்தது, எப்படிக் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். அவர் என்னை நீங்கள் என்று சொன்னதைக் கவனித்தேன்.

காளியம்மாள் என்னிடம், “அவுரு பேரு அதுல இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது என்றேன். “நீயே படிச்சியா?” என்றார். நானே படித்தேன், பார்த்தும் எழுதியிருக்கிறேன் என்றேன். படித்துக் காட்டச் சொன்னார். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, சன்னல் கம்பிக்கு வெளியே நின்று படித்தேன். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினேன், அவர் காத்திருந்தார். முடிந்ததும் நோட்டை மூடினேன். பிறகு, “அன்னைக்கு அவுருகிட்ட போகமாட்டேன்னு சொல்லிட்டுப் போன. இன்னைக்கு எங்கிட்ட என்ன சொல்லப்போற?” என்று கேட்டார். உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். “நெல்லுல வச்சதயும் சேத்துச் சொல்லு” என்றார். சரி என்றேன். அவர் போய்விட்டார்.

அதன் பிறகு மார்கழி 20-ஆம் தேதி ஏஜெண்ட் நீதிமன்றத்துக்குக் காட்டுவதற்காக அறையைத் திறந்து, பசலி 1377 கட்டை எடுத்தபோது துணி மட்டும் இருந்தது. என்னைக் கேட்டார். நான்தான் எடுத்தேன் என்றேன். அவர் கையில் வைத்திருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார். அதன் பேரில்தான் இந்த மனு. இப்போது சத்திரத்தில் என் அறை பூட்டியிருக்கிறது. நான் ஆற்றுப் படித்துறை மண்டபத்தில் படுத்துக்கொள்கிறேன்.

செல்லதுரையின் முச்சலிக்காவில் இருந்தது இது. “நெடுவாக்குடி செண்பகத்தம்மாள் தர்மச் சத்திரம் ஏஜெண்ட் அவர்களுக்கு மேற்படி கிராமத்திலிருக்கும் வீரன் மகன் செல்லதுரை எழுதிக்கொடுத்த குத்தகை முச்சலிக்கா. சத்திரத்துக்குச் சொந்தமான சர்வே நம்பர் 118-க்கு 3 நஞ்சையில், வாய்க்காலுக்குத் தெற்கு, மதகுக்கு மேற்கு, மாணிக்கம் சாகுபடிக்கு வடக்கு, இலுப்பை மரத்து வரப்புக்குக் கிழக்கு, இதற்குள் பட்ட மூன்று மாவை நான் சாகுபடி செய்துவருகிறபடியால் பசலி 1377-க்கும் மேற்படி குத்தகைக்கு ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்தேன்.” கீழே இடது பெருவிரல் ரேகை இருந்தது. ரேகையை என்னால் பார்த்து எழுத முடியவில்லை.

நாலு எல்லையை எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆனால் சர்வே நம்பர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, காளியம்மாளுக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அந்தத் தாளில் படித்ததால்தான் தெரியும். கிராம வரைபடத்தில் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

என் நோட்டையும் ஒப்படைக்கிறேன். 31-ஆம் பக்கத்தில் முச்சலிக்கா இருக்கிறது. 40-ஆம் பக்கத்திலிருந்து உப்பு நிலவரம் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். சட்டிகளை எடுத்தது, நெல் வந்தது, உப்பு கரைந்தது எல்லாம் அதில் இருக்கிறது. மற்றப் பக்கங்களில் வழக்குக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. சில பக்கங்களில் என் மனைவி பெயரை எழுதிப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் நோட்டைத் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்த குற்றத்துக்கும் கெடுத்த குற்றத்துக்கும் என்ன உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதுவதற்கு இடையில் ஏட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அப்போது எழுந்து காவல் நிலையத்துக் காகிதங்கள் வைக்கும் அறையைப் பார்த்தேன். பின்புறச் சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அந்தச் சுவரில் இரண்டடிக்கு உப்புப் பொரிந்திருக்கிறது. கட்டுகள் தரையில் சுவரோடு சாய்ந்திருக்கின்றன. இந்த வாக்குமூலத்தை அங்கே வைக்க வேண்டாம். மேசைக்கு எதிரில் தெற்குச் சுவரில் இருக்கும் மர அலமாரியில் மேல்தட்டில் வைக்கவும். நெல்லுக்குள் வைக்க வேண்டாம். வழக்கு முடிய எத்தனை மழைக்காலம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. காளியம்மாளுக்கு இருக்கும் சீட்டு இனி இதுதான்.

இதில் உள்ளது ஒவ்வொன்றும் நான் கண்டதும் செய்ததும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. முழுவதையும் திரும்ப ஒரு முறை நானே படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மாலை நான்கரை மணிக்கு எழுதி முடித்தேன்.

(ஒப்பம்) நா. காத்தான்